டவுன் டிஸ்பென்சரி டொக்டர் என்னதான் செய்கிறார்?

"அவர் சும்மா காய்ச்சல் தடிமனுக்குப் பார்க்கிற டொக்டர். பெரிசா ஏதாவது என்றால் கண்டிக்குப் போய் ஸ்பெஷலிஸ்ட்டைச் செனல் பண்ண வேண்டியதுதான்."

ஹட்டன் பஸ் நிலையத்திலும் பண்டாரவளை மார்க்கட்டிலும் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. வைத்தியர்களை ஏணிப்படியாக நினைத்துக்கொள்கிறோம்: கீழ்ப்படியில் டவுன் டொக்டர், மேல்படியில் ஸ்பெஷலிஸ்ட், காசு இருந்தால் நேராக மேல்படிக்கு ஏறிவிடலாம். இந்த நினைப்பால் மலையகக் குடும்பங்கள் வீணாகச் செலவழிக்கும் காசையும், சில நேரம் பிந்திப்போகும் வைத்தியத்தையும் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. மருத்துவம் படிக்காதவர்களுக்காகவே எழுதுகிறேன்.

யாரைக் குடும்ப வைத்தியர் என்கிறோம்?

நல்ல டவுன் டொக்டர் செய்வது குடும்ப வைத்தியர் வேலைதான். உடம்புக்கு எது வந்தாலும் முதலில் போய்ப் பார்க்கிற வைத்தியர் அவர். கைக்குழந்தை, கர்ப்பிணி, எண்பது வயதுப் பாட்டி என்று எல்லோரையும் பார்ப்பார். வயிறு, தோல், மனசு என்று பிரித்துத் திருப்பி அனுப்ப மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, அதே ஆட்களை வருடக்கணக்காகப் பார்த்து வருவார்.

இது மற்றத் துறைகளைப் போலவே தனியாகப் படிக்கிற ஒரு துறை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் குடும்ப மருத்துவத்தில் டிப்ளோமாவும் எம்.டி. பட்டமும் வழங்குகிறது. பொது வைத்தியர்களுக்கென்று இலங்கையில் 1974இலிருந்து ஒரு கல்லூரி அமைப்பும் இயங்குகிறது.

எம்.ஓ.எச். எனப்படும் சுகாதார வைத்திய அதிகாரியையும் குடும்ப வைத்தியரையும் சிலர் ஒன்றாக்கிக்கொள்வார்கள். எம்.ஓ.எச். பார்ப்பது ஒரு பிரதேசம் முழுவதன் சுகாதாரத்தை: தடுப்பூசி, தாய்சேய் நலம், தொற்றுநோய்க் கட்டுப்பாடு. ஆஸ்பத்திரி ஓ.பி.டி.யில் இருப்பவர் முதலில் பார்க்கும் வைத்தியர்தான், ஆனால் அடுத்த தடவை போனால் அதே முகம் இருக்கும் என்று சொல்ல முடியாது. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருப்பவர் பெரும்பாலும் தோட்ட வைத்திய உதவியாளர். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியவர்கள் அவர்கள், ஆனாலும் எம்.பி.பி.எஸ். வைத்தியர் அல்லர். மூன்று நான்கு தலைமுறையாக நமக்கு டிஸ்பென்சரி என்றால் வரிசையில் நின்று மாத்திரை வாங்கும் இடம் என்றே பழகிவிட்டது. டவுன் டொக்டரையும் அதே கண்ணால் பார்ப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

முதல்நிலை மருத்துவத்தை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த அமெரிக்க வைத்தியர் பார்பரா ஸ்டார்ஃபீல்ட், அதன் வேலையை நான்காகப் பிரித்தார். முதல் ஆளாகப் பார்ப்பது, தொடர்ந்து பார்ப்பது, முழு ஆளையும் பார்ப்பது, பல இடங்களில் நடக்கும் வைத்தியத்தை ஒன்றாகக் கோர்ப்பது. இந்த நான்கும் எப்படி வேலை செய்கின்றன என்பதுதான் இனி வருவது.

ஆயிரம் பேரில் ஒருவர்

தேயிலைத் தொழிற்சாலையில் காய்ந்த தூளை வெவ்வேறு கண் அளவுள்ள சல்லடைகளில் ஓட்டிப் பிரிப்பார்கள். கடைசிச் சல்லடைக்குக் கீழே நிற்பவர் நாள் முழுக்க ஒரே ரகத் தூளைத்தான் பார்ப்பார். மலையிலிருந்து மூட்டையாக வந்து இறங்கிய பச்சைக் கொழுந்தில் என்னவெல்லாம் கலந்திருந்தது என்பது வாட்டும் தட்டில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

நோயாளிகளும் இப்படித்தான் சலிக்கப்பட்டு மேலே போகிறார்கள். 1961இல் கெர் வைட் என்ற அமெரிக்க வைத்தியரும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைக் கணக்காகவே காட்டினார்கள். வயது வந்த 1000 பேரை எடுத்தால், ஒரு மாதத்தில் சுமார் 750 பேருக்கு ஏதாவது ஒரு சுகவீனம் வருகிறது. வைத்தியரிடம் போகிறவர்கள் 250 பேர். ஆஸ்பத்திரியில் தங்குபவர்கள் 9 பேர். இன்னொரு வைத்தியரிடம் அனுப்பப்படுபவர்கள் 5 பேர். பெரிய பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்பவர் 1 ஆள். அந்தக் கணக்கு அந்த நாட்டுடையது, அந்தக் காலத்துடையது. ஆனால் சல்லடை எல்லா நாட்டிலும் உண்டு.

கண்டியிலோ பேராதனையிலோ இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி வைத்தியர் படித்ததும் பழகியதும் பெரும்பாலும் அந்த ஒரு ஆளைப் போன்றவர்களிடம். டவுன் டொக்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது அந்த 250 பேர். ஒரே தலைவலிதான், ஆனால் அங்கே அதற்கு ஒரு பொருள், இங்கே வேறு பொருள்.

சுருக்கமாக: குடும்ப வைத்தியர் பார்க்கும் கூட்டம் வேறு, ஸ்பெஷலிஸ்ட் பார்க்கும் கூட்டம் வேறு. அதனால் இருவருக்கும் தேவையான திறமையும் வேறு.

ஒரே சோதனை, இரண்டு பதில்

இந்தப் பகுதிதான் முழு விஷயத்துக்கும் அச்சாணி. கொஞ்சம் கணக்கு வரும், கூட்டல் தெரிந்தால் போதும்.

ஒரு இரத்தச் சோதனை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கும். நோய் இல்லாத 100 பேரில் 10 பேருக்கு 'இருக்கிறது' என்று தவறாகச் சொல்லிவிடும். கேட்கும்போது நல்ல சோதனையாகத்தான் தெரிகிறது.

இதை டவுன் டிஸ்பென்சரிக்கு வரும் 1000 பேருக்குச் செய்கிறோம். அவர்களில் 10 பேருக்குத்தான் அந்த நோய் உண்டு. 9 பேரைச் சோதனை பிடித்துவிடும். மீதி 990 பேருக்கும் நோய் இல்லை, ஆனால் அவர்களில் 99 பேருக்கு 'இருக்கிறது' என்று வரும். மொத்தம் 108 பேர் பயந்துபோய் நிற்கிறார்கள், உண்மையில் நோய் உள்ளவர்கள் 9 பேர். பன்னிரண்டு பேரில் ஒருவர்.

அதே சோதனையை ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்கில் 1000 பேருக்குச் செய்வோம். அங்கே ஏற்கெனவே சலித்து அனுப்பப்பட்டவர்கள் என்பதால் 300 பேருக்கு நோய் உண்டு என்று வைப்போம். 270 பேரைப் பிடிக்கும். மற்ற 700 பேரில் 70 பேருக்குத் தவறாக வரும். 'இருக்கிறது' என்று வந்த 340 பேரில் 270 பேருக்கு உண்மையிலேயே நோய். ஐந்தில் நான்கு பேர்.

சோதனை மாறவில்லை, இரசாயனம் மாறவில்லை, இயந்திரமும் மாறவில்லை. சோதனை செய்வதற்கு முன்பே அந்த ஆளுக்கு அந்த நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்பது மட்டும் மாறியது. இதை மருத்துவத்தில் முன்நிகழ்தகவு என்பார்கள். ரிப்போர்ட்டில் அச்சாகி வரும் எண்ணுக்கு அர்த்தம் கொடுப்பது இதுதான், ஆனால் எந்த ரிப்போர்ட்டிலும் இது அச்சாகி வருவதில்லை. வைத்தியர் உங்களிடம் கேள்வி கேட்டு, தொட்டுப் பார்த்து மனதுக்குள் மதிப்பிட வேண்டியது அது. "என்ன டொக்டர் இவர், ஒரு டெஸ்ட்டும் எழுதவில்லை, சும்மா பேசிக்கொண்டிருந்தார்" என்கிறோமே, அந்தப் பேச்சில்தான் இந்த மதிப்பீடு நடக்கிறது.

'ஃபுல் பொடி செக்கப்' என்று லெப்களில் ஒரே விலைக்கு இருபது முப்பது சோதனைகளைச் சேர்த்துக் கொடுப்பதையும் இதோடு பார்க்க வேண்டும். பல சோதனைகளுக்கு 'இயல்பான அளவு' என்பதை எப்படி வைக்கிறார்கள் தெரியுமா? ஆரோக்கியமானவர்களில் 100க்கு 95 பேர் எந்த எல்லைக்குள் வருகிறார்களோ, அந்த எல்லையைத்தான். அப்படியென்றால் நல்ல சுகத்தோடு இருக்கும் 5 பேர் எப்போதும் எல்லைக்கு வெளியேதான் நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளைச் சேர்த்துச் செய்தால், ஒரு நோயும் இல்லாத 100 பேரில் சுமார் 64 பேருக்கு ஏதாவது ஒன்றில் கோளாறு என்று வரும். அப்புறம் அதைத் துரத்திக்கொண்டு இன்னொரு ஸ்கேன், இன்னொரு செனல், இன்னொரு நாள் கூலி.

பிரஷரையும் சீனியையும் நாற்பது வயதுக்கு மேல் அளந்து பார்ப்பது இதில் சேராது. அவை பரவலாக இருக்கிற, வெளியில் காட்டாத நோய்கள். தேடிப் பார்க்கத்தான் வேண்டும்.

ஆளைத் தெரிந்திருப்பது

முன்நிகழ்தகவை மதிப்பிட இரண்டு வழி. ஒன்று, ஊரைத் தெரிந்திருப்பது. மற்றது, ஆளைத் தெரிந்திருப்பது.

நுவரெலியா போன்ற குளிர்ந்த உயரத்தில் டெங்கு நுளம்பு குறைவு. அதனால் தோட்டத்தை விட்டு வெளியே போகாத ஒருவருக்கு வரும் காய்ச்சலில் டெங்குவுக்கான வாய்ப்பும் குறைவு. ஆனால் கொழும்பில் கடையில் நிற்கும் பையன் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் காய்ச்சலில் விழுந்தால் கதை வேறு. நுளம்பு கடித்து 4 முதல் 10 நாளுக்குள் டெங்குக் காய்ச்சல் தொடங்கும். "எப்ப தம்பி ஊருக்கு வந்தீங்க?" என்ற கேள்விக்கு இருக்கும் மதிப்பு அவ்வளவு. அந்தக் குடும்பத்தில் மூத்த மகன் கொழும்பில் என்பது டவுன் டொக்டருக்குக் கேட்காமலே தெரிந்திருக்கவும் கூடும்.

ஆளைத் தெரிந்திருப்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். கொழுந்தெடுக்கும் ஒரு அம்மா வறட்டு இருமலோடு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"எத்தனை நாளா இருமல், அம்மா?"

"ரெண்டு மாசமா ஐயா. எக்ஸ்ரே எடுத்தாச்சு. சளி மருந்து மூணு போத்தல் முடிஞ்சுது. ராவுல தூக்கமே இல்ல."

"எடை குறைஞ்சிருக்கா? அந்தி நேரத்துல காய்ச்சல், ராவுல வேர்வை?"

"அதெல்லாம் இல்லீங்க ஐயா."

"கிளினிக் கொப்பிய எடுங்க, பாப்போம்."

கொப்பியில் இரண்டரை மாதத்துக்கு முன் பிரஷருக்குப் புதிதாக ஒரு மாத்திரை எழுதியிருக்கிறது: எனலாபிரில். நல்ல மாத்திரைதான், ஆனால் எடுப்பவர்களில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். நெஞ்சில் ஒன்றும் இருக்காது, எக்ஸ்ரே சுத்தமாக வரும், எந்தச் சளி மருந்துக்கும் கேட்காது. மாத்திரையை மாற்றினால் சில வாரங்களில் நின்றுவிடும். டொக்டர் வேறு மாத்திரை எழுதுகிறார். இரண்டு கிழமைக்கு மேற்பட்ட இருமல் என்பதால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனைக்கும் துண்டு கொடுக்கிறார், அரசாங்க ஆஸ்பத்திரியில் அது இலவசம். இங்கே வேலை செய்தது எந்த இயந்திரமும் அல்ல. பிரஷர் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையையும் நெஞ்சில் வந்த இருமலையும் ஒரே ஆள் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். ஸ்டார்ஃபீல்ட் சொன்ன கோர்க்கும் வேலை இது. (நீங்களும் இந்த மாத்திரை எடுப்பவர் என்றால், கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் பிரஷர் ஏறிவிடும்.)

சின்ன ஊர் என்பது குறை அல்ல, அதுவே ஒரு கருவியாகலாம். இங்கிலாந்தின் யோர்க்ஷயர் மலைப் பள்ளத்தாக்கில் வில்லியம் பிக்கிள்ஸ் என்ற கிராம வைத்தியர் இருந்தார். யார் எந்தச் சந்தைக்குப் போனார், யார் வீட்டுக்கு யார் வந்தார் என்பது அவருக்கு அத்துபடி. 1929இல் அங்கே மஞ்சள் காமாலை பரவியபோது ஒவ்வொரு நோயாளியும் யாரிடமிருந்து, எந்த நாளில் தொற்றிக்கொண்டார் என்று பின்தொடர்ந்து எழுதி வைத்தார். தொற்றிய நாளிலிருந்து நோய் வெளியே தெரிய ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும் என்று அப்படியே கண்டுபிடித்தார். பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்திருந்தால் அந்தக் கணக்கைப் போட்டிருக்க முடியாது.

தொடர்ந்து ஒரே வைத்தியரைப் பார்ப்பதன் பலனை நோர்வேயில் நாடளாவிய பதிவுகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2022இல் வெளியான அந்த ஆய்வில், ஒரே குடும்ப வைத்தியரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு, புதிதாகச் சேர்ந்தவர்களோடு ஒப்பிட்டால், அவசரமாக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பும் மரணிக்கும் வாய்ப்பும் கால்வாசி அளவு குறைவாக இருந்தன. இப்படிப்பட்ட ஆய்வு காரணத்தை அறுதியாக நிறுவாது. ஆனாலும் வருடங்கள் கூடக் கூடப் பலனும் படிப்படியாகக் கூடியது என்பதைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது.

சுருக்கமாக: சோதனைக்கு அர்த்தம் கொடுப்பது முன்நிகழ்தகவு. அதை நன்றாக மதிப்பிட ஊரும் ஆளும் தெரிந்திருக்க வேண்டும். நாலு காய்ச்சலுக்கு நாலு டொக்டரிடம் போனால் அந்த அறிவு யாரிடமும் சேராது.

"ரெண்டு நாள் பார்த்துட்டு வாங்க"

குடும்ப வைத்தியர் சொல்வதில் மக்களுக்குப் பிடிக்காத வசனம் இதுதான். காசு கொடுத்துப் போனோம், ஊசியும் இல்லை, அன்டிபயோடிக்கும் இல்லை, திரும்பி வரச் சொல்கிறார்.

நோய் முதல் நாளில் தன் முகத்தைக் காட்டுவதில்லை. தடிமன், டெங்கு, எலிக்காய்ச்சல், சிறுநீர்த் தொற்று எல்லாம் முதல் நாளில் காய்ச்சலும் உடம்பு வலியுமாகத்தான் இருக்கும். நாள் போகப் போகத்தான் பிரியும். அதனால் நேரமே ஒரு சோதனை, அதுவும் நல்ல சோதனை. ஆனால் அதைச் சரியாகச் செய்வதற்கு ஒரு முறை இருக்கிறது: எத்தனையாம் நாள் திரும்ப வர வேண்டும், எதைக் கண்டால் அதற்கு முன்பே ஓடிவர வேண்டும் என்று தெளிவாகச் சொல்லி அனுப்புவது. இரண்டாவதாகச் சொன்ன அறிகுறிகளை அபாய அறிகுறிகள் என்பார்கள். இந்த இரண்டையும் சொல்லாமல் "பார்ப்போம்" என்று அனுப்பினால் அது வைத்தியம் இல்லை. நீங்களே கேட்டுவிடுங்கள்.

கொழும்பிலிருந்து வந்த பையனுக்கு டொக்டர் என்ன சொல்வார்? பரசிட்டமோல் மட்டும் போதும், புரூபன், டைக்ளோஃபெனக், அஸ்பிரின் வேண்டாம், அவை இரத்தக் கசிவைக் கூட்டும். நிறையக் குடிக்க வேண்டும். மூன்றாம் நாள் எஃப்.பி.சி. என்ற, இரத்த அணுக்களை எண்ணும் சோதனை எடுக்க வேண்டும். அப்புறம் முக்கியமான ஒன்று: டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் தொடங்கும். "காய்ச்சல் விட்டிருச்சு, சுகம்" என்று கொழும்பு பஸ் ஏறுவது அந்த நேரத்தில்தான். வயிற்று வலி, விடாத வாந்தி, முரசில் இரத்தம், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், தலைசுற்று, இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

சாதாரண இருமலிலும் நம் கணக்குப் பிழைக்கிறது. அமெரிக்காவில் ஒரு குழு ஆராய்ந்தபோது, ஏழு முதல் ஒன்பது நாளில் இருமல் நிற்க வேண்டும் என்று மக்கள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் எடுக்கும் சராசரிக் காலம் ஏறத்தாழ 18 நாள். எட்டாம் நாள் அன்டிபயோடிக் வாங்கி, பதினெட்டாம் நாள் இருமல் தானாக நின்றால், மருந்துதான் நிறுத்தியது என்று நம்புவோம். அடுத்த தடவையும் கேட்போம்.

காத்திருக்கவே கூடாத நேரங்களும் உண்டு. நெஞ்சை அழுத்தும் வலி, திடீரென்று வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் விழுவது, குளவி கொட்டிய பின் மூச்சு முட்டுவது, கர்ப்பிணிக்கு இரத்தம் போவது. இவற்றுக்கு டவுன் டொக்டரைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

தேவை கூடிய இடத்தில் வைத்தியர் குறைவு

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கேள்வி எழும். எங்களுக்கு அப்படி ஒரு டொக்டர் எங்கே இருக்கிறார்?

தெற்கு வேல்ஸில் கிளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்கக் கிராமத்தில் 1960களிலிருந்து குடும்ப வைத்தியராக இருந்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். ஊரில் வயது வந்த எல்லோருடைய பிரஷரையும் தேடிப்போய் அளந்து, கூடியிருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தார். 1971இல் அவர் எழுதியதுதான் இன்றைக்கும் சொல்லப்படும் தலைகீழ்ப் பராமரிப்பு விதி: நல்ல வைத்தியம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது.

நம் தோட்டங்களுக்கு இது அச்சுப்போலப் பொருந்துகிறது. டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்கோ நுவரெலியாவுக்கோ கிளினிக் போனால் அன்றைக்குப் பேர் இல்லை, கூலி போய்விடும். ஓட்டோவுக்கு வேறு காசு. அதனால் மாத்திரை முடிந்த பிறகும் ஒரு மாதம் தள்ளிப்போகிறது, பிரஷர் சத்தமில்லாமல் ஏறுகிறது. டவுனில் மாலையில் பார்க்கும் டொக்டர் ஒருவர் இருந்தால், கொழுந்து நிறுத்துவிட்டு வந்தும் காட்டலாம். அந்த ஒரு வசதியே எத்தனையோ பக்கவாதங்களைத் தடுக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அரசாங்கம் சிறிய ஆஸ்பத்திரிகளில் குடும்ப வைத்திய முறையைப் பலப்படுத்துவது நமக்கு வாழ்வா சாவா என்ற விஷயம். பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடம் கேட்பதைப் போலவே இதையும் கேட்க வேண்டும்.

டொக்டரிடம் எதைக் கொண்டுபோவது?

நிலையான டொக்டர் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தொடர்ச்சியை ஓரளவுக்கு நாமே கையில் வைத்திருக்கலாம்.

கிளினிக் கொப்பி, பழைய ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். எடுக்கும் மாத்திரைகளை அட்டையோடு கொண்டுபோங்கள். "வெள்ளைக் கலர் சின்ன மாத்திரை" என்றால் எந்த வைத்தியருக்கும் தெரியாது. நாட்டு மருந்து, பார்மசியில் தானாக வாங்கியது, பக்கத்து லயத்து அக்கா கொடுத்தது, எல்லாவற்றையும் சொல்லுங்கள், திட்டுவார் என்று மறைக்க வேண்டாம். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்.

ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் டவுன் டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். என்ன நோய் என்று சந்தேகப்படுகிறார், இதுவரை என்ன கொடுத்தார், எந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும் என்று அதில் இருக்கும். ஐந்து நிமிடம் மட்டும் கிடைக்கும் செனலில் அந்தக் கடிதம் பாதி வேலையை முடித்துவிடும், சில நேரம் எந்த ஸ்பெஷலிஸ்ட் என்பதையும் அதுவே சரியாக்கிவிடும். தலைசுற்றுக்கு மூளை வைத்தியரைச் செனல் பண்ணிவிட்டு, கடைசியில் இரத்தச்சோகை என்று திரும்பி வந்தவர்கள் நம்மிடையே கொஞ்சப் பேரா?

ஆஸ்பத்திரியில் தங்கி வீட்டுக்கு வரும்போது என்ன நோய், என்ன வைத்தியம் என்று எழுதிய டயக்னோசிஸ் கார்டைக் கேட்டு வாங்குங்கள். அதை அந்தக் கிழமையே உங்கள் டொக்டரிடம் காட்டுங்கள். வார்டில் கொடுத்த புது மாத்திரையும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய மாத்திரையும் வேறு வேறு பெயரில் ஒரே மருந்தாக இருப்பது அடிக்கடி நடக்கும். இரண்டையும் மேசையில் வைத்தால் எதை நிறுத்துவது என்று அவர் சொல்லிவிடுவார்.